கருவி செய்வோர் தமிழ்

வேலூரிலிருந்து தென்மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்வார், ஊரைக் காணுமுன் தோலின் வாடையை உணர்வர். இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய ஊர்கள் பல, தலைமுறை பலவாகத் தோல் பதனிடும் தொழிலால் வாழ்வன. பச்சைத் தோலை ஊறவைத்தல், சுண்ணாம்புக் குழியில் இடுதல், மயிர் களைதல், சதை சீவுதல், ஆவாரம்பட்டை ஊறிய நீரில் கிடத்தல் என அத்தொழிலின் படிகளை நூல்கள் கூறும். ஆயின் எந்நாளில், எந்நிலையில் தோலைக் குழியினின்று எடுத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்தவன் குழியருகே நின்றவனே. விரலால் அழுத்தியும் மடித்தும் பார்த்து அவன் கண்ட முடிவே தோலின் தரமாயிற்று. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் பெருகின. பட்டை இருந்த இடத்தைக் குரோமிய உப்புப் பெரிதும் கவர்ந்து கொண்டது. பட்டைக் குழியருகே நின்றவனுடைய விரலறிவு எங்கே சென்றது?

1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பாலாற்று நீரின் கேடு குறித்து 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் ஆங்கிலத்ததே. தமிழில் இத்தொழிலாளர் வாழ்வைப் பேசும் பெருநூலாக டி. செல்வராசின் 'தோல்' என்னும் புதினம் உளது. 2012ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் களம் திண்டுக்கல். அது சிறந்த நூலே எனினும், தோலைப் பற்றிப் புதின ஆசிரியர் எழுதியது. தோலைத் தொட்டவன் தன் தொழிலை எழுதியதன்று. செய்பவனே தான் செய்ததைத் தமிழில் எழுதின் அவ்வுரைநடை எத்தன்மைத்தாக இருக்கும் என்னும் வினாவை இத்தோல் நாடு நம்முன் வைக்கின்றது. விடையை அங்கே தேடின் கிடைப்பது அரிது. ஆகலின், அண்மைக் காலத்தே செய்தவரே எழுதியும் வைத்த மற்றொரு தொழிலை யாம் சான்றாகக் கொள்கின்றோம். அது கணிப்பொறிக்குள் தமிழைப் புகுத்திய தொழில். அதனைச் செய்தாருள் பலர் அதற்கெனக் கூலி பெற்றாரல்லர். மாலை வேளையிலும் விடுமுறையிலும் தம் ஆர்வத்தாற் செய்தவர்.

அறிவியல் தமிழ் உரைநடைக்குத் தமிழில் நல்ல மரபு உண்டு. பெ.நா. அப்புசுவாமி எழுதியவற்றையும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தையும், கோவையினின்று வெளிவந்த கலைக்கதிரையும் அறியாத தமிழாசிரியர் இலர். பின்னர்ச் சுசாதா வந்தார். பாரத் மின்னணு நிறுவனத்தில் மின்னணு வாக்குப் பொறியின் ஆக்கத்தில் பங்குகொண்ட பொறியாளராகிய அவரே, பொதுமக்களுக்கெழுதியபோது விளக்குவோராகவே நின்றார். இவ்வுரைநடைகளிலெல்லாம் ஆசிரியர் அறிந்தவர், படிப்பவர் அறியாதவர். அறிந்தது மட்டுமே எழுத்தில் ஏறும், தடுமாறியது ஏறாது. கருவி செய்வோர் எழுத்தின் இயல்பு வேறு. அவர் முதலிற் செய்து பிழைத்ததையும், பிழைத்த காரணத்தையும், இரண்டாம் முறை மாற்றியதையும் வரிசைப்படுத்துவர். பிழையின் வரிசையே அவர் உரைநடையின் கட்டமைப்பு என்பது எம் கருத்து.

இவர்களுள் தலையாயோர் சிலரை நினைவு கூர்தல் தகும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் செயலியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி சிறுகதையாசிரியர், தமிழ் விரிவுரையாளர், அவரே கணியன் முறையை உருவாக்கினார், 1999இல் மறைந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைப் படைத்ததோடு, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் பணியை மேற்கொண்டார். இன்று சங்க நூலொன்றின் சொல்லைத் தேடும் ஆய்வு மாணவர் பலர் அத்திட்டத்தின் பயனைத் தம்மையறியாமலே துய்க்கின்றனர்.

தஞ்சைக் கடற்கரையில் அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்த உமர்தம்பியை யாம் தனியே எடுத்துக் கூறுவோம். எம் வினாவிற்கு நெருங்கிய விடை அவரே. விலங்கியல் பயின்றவர், மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பதிற் கை தேர்ந்தவர், துபாயிற் பணியாற்றியவர். ஒருங்குறி வந்த பின்னரும் பழைய கணிப்பொறிகளில் தமிழ் தோன்றாது கட்டங்களாய் நின்ற காலம் அது. பக்கத்தோடு எழுத்துருவும் உடன்சென்று படிப்போன் பொறியில் தானே இறங்குமாறு 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை அவர் அமைத்தார். படிப்போன் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. கெட்டுப்போன வானொலிப் பெட்டியைத் திறந்து, உள்ளதை வைத்தே ஓடச் செய்யும் பழுதுபார்ப்போன் அறிவு இதிற் புலனாகின்றது. புதுப்பொறி வாங்குக என்று அவர் கூறவில்லை. 2006இல் அவர் மறைந்தார். தமிழ்ப் புலவர் எவரும் அவரைத் தம் வகுப்பில் சேர்த்துக் கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் எழுத்தின் வடிவத்தை மணிக்கணக்காக நோக்கியிருந்தவர் என்ற அளவில் அவர் ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதியோர் மரபினர்.

இனி, இக்கருவி செய்வோர் எதிர்கொண்ட சிக்கல் தமிழிலக்கணத்தின் நடுவிடத்தைத் தொட்டமை காண்க. 'கொ' என்னும் உயிர்மெய்யைப் பொறியில் எவ்வாறு சேமிப்பது? எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் நடுவும் கால் பின்னும் வருகின்றன. மின்மடற் குழுவில் ஆர்வலர் கூடி வாதிட்டு வகுத்த திஸ்கி என்னும் குறிமுறை, கண்ணுக்குத் தோன்றும் இவ்வரிசையிலேயே மூன்றையும் வைத்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ, இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றி, ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைத்தது. உயிர்மெய்யுள் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் கொள்கை. அவ்வகையில் ஒருங்குறி ஒலியின் பக்கம் நின்றது. திஸ்கி வடிவின் பக்கம் நின்றது.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. ஒருங்குறியில் அகரமேறிய ககரமே அடிப்படை. அதனோடு புள்ளியைக் கூட்டினால்தான் 'க்' பிறக்கும். தமிழ் மரபிலோ புள்ளி பெற்ற மெய்யே அடிப்படை; அகரம் ஏறும்போது புள்ளி நீங்கும். வரி வடிவத்திற்கு இயைந்தது ஒன்று, ஒலிக் கொள்கைக்கு இயைந்தது மற்றொன்று. இம்முரண்பாடே பிற்காலத்தில் எல்லா உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்னும் குறிமுறைக்கு வழி வகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அதனையும் ஒருங்கே ஏற்றது. எழுத்ததிகாரம் கற்பிக்கும் வகுப்பறையில் இவ்வாதம் ஏன் நுழையவில்லை? புள்ளியைப் பற்றிய நூற்பாக்களுக்கு இதனினும் உயிருள்ள விரிவுரை வேறில்லை என்று கூறத் துணிகின்றோம்.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் இத்தகையதே. அதில் ஒரே மெய்யை இருமுறை அழுத்தின் முதலதன்மேற் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினத்தை அழுத்தினும் அவ்வாறே: ஙகரமும் ககரமும் அடுத்தடுத்து வர 'ங்க' தோன்றும்; நகரமும் தகரமும் வர 'ந்த' தோன்றும். தமிழ்ச் சொல்லில் எது எதனோடு மயங்கும் என்னும் மெய்ம்மயக்க இலக்கணம், விரலின் உழைப்பைக் குறைக்கும் கருவியாயிற்று. நூற்பாவை மனப்பாடம் செய்தோர் பலர். அதனைக் கொண்டு ஒரு விசையழுத்தத்தை மிச்சப்படுத்தியோர் இவரே.

சொல்லாக்கத்திலும் இவர் செயல் ஆராயத்தக்கது. உலாவி, திரட்டி, வழங்கி, வருடி, சுட்டி, இயக்கி, நிறுவி என்னும் சொற்களை நோக்குக. வினைப்பகுதியோடு இகர விகுதி கூட்டிக் கருவியையோ வினைமுதலையோ உணர்த்தும் முறை இவற்றிற் பயின்று வருகின்றது. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய் துருவி என்பன இம்முறையில் வீட்டிலும் வயலிலும் பிறந்தவை. கலைச்சொற் குழுக்கள் பல, ஆங்கிலச் சொல்லின் பொருளைப் பெயர்த்து நீண்ட தொகைச் சொற்களை ஈன்றன. அவற்றுட் பல அகராதியிலேயே உறங்குகின்றன. இணையத்தில் எழுதியோர் குறுஞ்சொல்லையே விரும்பினர். ஒரு பக்கத்தில் இருபது முறை எழுத வேண்டிய சொல் நீண்டதாயின் எழுதுவோன் கையே அதனை வெறுக்கும். பாக்குவெட்டிக்குப் பெயரிட்டவளும் உலாவிக்குப் பெயரிட்டவனும் ஒரே இலக்கணத்தில் நின்றனர்.

எனினும் எல்லாச் சொல்லும் ஒக்கும் என்று கூறோம். 'செயலி' என்பதிற் செயல் என்னும் பெயரோடு இகரம் சேர்ந்தது. முக்காலி, கூனி என்பனபோல உடைமைப் பொருளிற் கொள்ளின் அமையும். 'திசைவி' அவ்வாறன்று. ஐகார ஈற்றின்பின் யகர உடம்படுமெய் வருதலே முறை. வகரம் எவ்வாறு நுழைந்தது என்பதற்கு எம்மாற் காரணம் கூறவியலவில்லை. ஆயினும் அது வழங்குகின்றது. வழக்கு வென்றபின் இலக்கணியின் வேலை வியத்தலும் பதிதலுமே.

உரைநடையின் குறைகளையும் மறைத்தலாகாது. 2012 முதல் வெளிவந்த 'கணியம்' மின்னிதழும், 'எளிய தமிழில்' என்னும் தலைப்பொடு கட்டற்ற மென்பொருள் பற்றி எழுந்த நூல்களும், முற்கூறிய ஆர்வத்தின் தொடர்ச்சியே. அவற்றின் நன்மை தெளிவு. கட்டளை ஒவ்வொன்றையும் தாமே இயக்கிப் பார்த்து எழுதியோர்க்கே வாய்க்கும் தெளிவு. ஆனால் இத்துறை எழுத்தைப் பொதுவாக நோக்கின், செயப்பாட்டுவினை ஆங்கிலத்தின் நிழலாய் மிகுந்து வருதலைக் காணலாம். 'சேமிக்க' என்றால் அமையுமிடத்தில் 'சேமிக்கப்பட வேண்டும்' என்பர். வல்லெழுத்து மிகுமிடம் பேணப்படுவதில்லை. படிப்போன் பொறியும் தம் பொறியைப் போன்றதே என்று கொண்டு எழுதுதல் மற்றொரு குறை. அதனாற் பொறி மாறியவுடன் கட்டுரை பயனற்றதாகின்றது. எவ்வாறு செய்வது என்று கூறுவோர் ஏன் அவ்வாறு என்பதைப் பல இடங்களில் விட்டுவிடுகின்றனர். பட்டைக் குழியருகே நின்றவனிடம் ஏன் என்று வினவியிருந்தாலும் இந்த மௌனமே விடையாகியிருக்கலாம். கையறிவுக்கு இயல்பான குறை போலும் இது.

இவ்வெழுத்தின் நிலைபேறே இன்று கவலைக்குரியது. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீசை மூடியது. 2019 இறுதியில் தன் குழுமங்களில் இருந்த மடல்களை நீக்கியது. எழுத்துரு பற்றியும் குறிமுறை பற்றியும் தமிழர் எழுதியவற்றுள் ஒரு பகுதி இத்தகைய இலவச இடங்களில் இருந்தது. எஞ்சியவற்றிலும் பழங்குறிமுறையில் அமைந்தவை இன்றைய பொறியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். சுரதா யாழ்வாணன் ஆக்கிய 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளே அவற்றைத் தமிழாக்கித் தந்தன. ஓலையைச் செல்லரிக்க விட்ட தலைமுறையைப் பழித்து யாம் எழுதியுள்ளோம். இம்மின்சுவடிகளைத் தொகுக்கும் பணி எத்தமிழ்த்துறையின் பாடத்திட்டத்தில் உளது?

அண்மையில் ஒரு துறையின் நூலகத்தில், இருபதாண்டுக்கு முற்பட்ட ஆய்வேடொன்றின் குறுந்தட்டு எம் கைக்கு வந்தது. அச்சுப்படி கிடைக்கவில்லை. தட்டைத் திறந்தபோது திரையிற் கண்டவை உரோம எழுத்தும் நிறுத்தக் குறியும் கலந்த குவியல். ஆம்பூரைச் சார்ந்த முதுகலை மாணவர் ஒருவர் உடனிருந்தார். எவ்வெழுத்துருவில் தட்டச்சிட்டனர் என்பதை அறிய, மிகுதியாக வரும் குறி எதுவென எண்ணினார். தமிழில் மிகுதியாக வருவது புள்ளி என்பது அவர் கணக்கு. அக்குறியைப் புள்ளியாக வைத்து, முன்னும் பின்னும் நின்றவற்றை ஊகித்து, மூன்றாம் எழுத்துருவில் முதற்பக்கத்தை மீட்டார். முதலிரண்டில் ஏன் பிழைத்தது என்று வினவினோம். கொம்பு இருந்த இடம் ஒத்துவரவில்லை என்றார். அதனை எழுதித் தருமாறு கேட்டோம். 'இதையெல்லாமா ஐயா எழுதுவார்கள்?' என்று நகைத்தார். மறுவாரம் நான்கு பக்கம் எழுதிக் கொணர்ந்தார். வல்லெழுத்து ஏழிடத்தில் மிகவில்லை. அவற்றை மட்டும் திருத்தினோம்.