கொட்டை உடைக்காத தாடை

பல்லைப் பார்த்தே உணவைச் சொல்லிவிடலாம் என்பது குவியே காலத்திலிருந்து தொல்லுயிரியல் கைவிடாத நம்பிக்கை. பெரும்பாலும் அது பலித்தும் வந்திருக்கிறது. கத்திரிபோல் உரசி வெட்டும் புலியின் கடைவாய்ப் பல்லையும், வரிவரியாக எனாமல் மேடிட்ட மாட்டின் அரைபல்லையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு முறையியலின் தரத்தை எளிய உதாரணங்களைக் கொண்டு அளக்க முடியாது. மனிதனின் அழிந்துபோன உறவினமான பராந்த்ரோபஸ் பாய்சியிடம்தான் அந்த நம்பிக்கை மெய்யாகவே சோதனைக்கு வந்தது.

தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் 1959இல் மேரி லீக்கி கண்டெடுத்த பாய்சி மண்டையோடு ஏறத்தாழ 17.5 லட்சம் ஆண்டுப் பழமையானது. அகன்ற கடைவாய்ப் பற்கள், தடித்த எனாமல், மெல்லும் தசைகள் பற்றிக்கொள்ள உச்சியில் ஓர் எலும்பு முகடு. 'கொட்டை உடைக்கும் மனிதன்' என்ற பட்டப்பெயர் விரைவில் ஒட்டிக்கொண்டது. வாதத்தின் உள்ளொழுங்கில் பழுதில்லை: விசை, பரப்பு, எனாமலின் உறுதி மூன்றும் ஒரே திசையைச் சுட்டின. ஆனால் அவை அந்த வாயால் எது முடியும் என்பதை மட்டுமே சொன்னன. அது எதைத் தின்றது என்பதற்கு அப்போது தனித் தடயமே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது நுண்தேய்மான ஆய்வு. கடினமான உணவு எனாமலில் குழிகளை விடும். புல்லும் இலையும் கீறல்களை விடும். 1978இல் ஆலன் வாக்கரும் துணையாளர்களும் செரங்கெட்டியில் ஒரே பாறைகளில் வாழும் இரண்டு ஹைராக்ஸ் இனங்களை ஒப்பிட்டு, புல் மேய்வதும் தழை கடிப்பதும் பல்லில் வேறுவேறு தடம் பதிப்பதைக் காட்டினார்கள். உணவு இன்னதென்று நேரில் தெரிந்த உயிர்களில் முதலில் சரிபார்த்துவிட்டுப் புதைபடிவத்துக்குப் போனது இம்முறையின் பெரிய தகுதி. 2008இல் பீட்டர் உங்கர், ஃபிரெட் கிரைன், மார்க் டீஃபோர்டு மூவரும் ஏழு பாய்சி மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஒன்றில்கூடக் கொட்டை உடைத்ததற்கான குழித் தேய்மானம் இல்லை. மெல்லிய கீறல்களே இருந்தன.

இதிலும் குறை உண்டு. புதிய தேய்மானம் பழையதை அழித்துவிடுவதால் எஞ்சுவது சாவுக்கு முந்தைய சில நாட்கள் அல்லது வாரங்களின் கணக்கு. கீறியது செடியின் சிலிக்காவா, மண்ணின் குவார்ட்ஸ் துகளா என்ற கேள்வியையும் பீட்டர் லூகாஸ் குழுவினர் 2013இல் கூர்மையாக எழுப்பினார்கள்.

கரிம ஐசோடோப்பு ஆய்வு காலக் குறையை ஈடுசெய்கிறது. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் பதிந்த கணக்கு அது. பிற்கால மெல்லல் அதை மாற்றாது. துரே செர்லிங் குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவின்படி பாய்சியின் உணவில் சராசரியாக 77 விழுக்காடு, மாதிரிக்கு மாதிரி 61 முதல் 91 வரை, சி4 ஒளிச்சேர்க்கை செய்யும் தாவர வகையைச் சார்ந்தது: வெப்பமண்டலப் புல், கோரை போன்றவை. மரங்கள் சி4 வகையல்ல என்பதால் மரத்துக் கொட்டைகள் அந்தப் பங்கில் வரவே முடியாது. ஆனால் இலையா, விதையா, கிழங்கா என்று இம்முறை பிரித்துச் சொல்லாது.

என் பார்வையில் வழக்கைத் தீர்ப்பது தென்னாப்பிரிக்க உறவினமான ரோபஸ்டஸ்தான். பல்லிலும் தாடையிலும் ஏறத்தாழ அதே வடிவம். ஆனால் அதன் எனாமலில் குழிகள் கூடுதல், சி4 பங்கு மிகக் குறைவு. ஒரே கட்டமைப்பு இரண்டு உணவுகளுக்கு இடம் கொடுத்திருக்கும்போது வடிவத்தை மட்டும் வைத்து உணவைச் சொல்வது ஊகமே.

வடிவவாதிகளின் தற்காப்பையும் எடைபோட வேண்டும். பஞ்சகாலத்து உணவுக்காகவே பல் வடிவம் தேர்வு பெறுகிறது என்கிறார்கள். இலை நறுக்கும் பல் கொண்ட கொரில்லா, பழம் கிடைத்தால் பழத்தையே நாடுவது இதற்கு வலுவான சான்று. ரோபஸ்டஸுக்கு இத்தற்காப்பு பொருந்துகிறது. அதன் குழிகளை அது விளக்குகிறது. பாய்சியில் விளக்கப்பட வேண்டிய குழிகளே இல்லை. எந்தத் தடயமும் பொய்ப்பிக்க முடியாத அளவுக்கு அரிதாகக் கொட்டை தின்றது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது ஆய்வு முடிவாகாது.

அதற்காகப் புல்வாதம் வென்றுவிட்டதாகவும் கொள்ள முடியாது. மாடும் குதிரையும் எனாமல் வரிகளால் புல்லை அரைக்கின்றன. பாய்சியின் பல் தட்டையானது, வரியற்றது. அதைக்கொண்டு நாரை எப்படிச் சிதைத்தது என்பதற்கு ஐசோடோப்பு ஆய்வாளர்களிடம் நிறைவான விடை இல்லை. பட்டப்பெயர் நீக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் இடத்தில் 'புல் மேய்ந்தவன்' என்று எழுதத் தட்டைப் பல்லின் இயக்கவியல் இன்னும் அனுமதி தரவில்லை.