கடலில் நின்று கரையை வரைந்தவர்கள்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவிலிருந்து கடலைப் பார்க்க மலை இறங்க வேண்டும். ஆனாலும் தென்னிந்தியக் கரைகளின் வரைபடத்தில் இருந்த பெரும்பிழை வெளிப்பட்டதற்கு மைசூர் வரலாற்றில் பங்கு உண்டு. 1799-இல் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன், தீபகற்பத்தைக் குறுக்காக அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். கப்பலிலிருந்து கரையை வரையும் பழைய முறையை எடைபோட அதன் விளைவே நல்ல சான்று.

அந்த முறை எளியது. கரையோரமாகச் செல்லும் கப்பலில் இருந்து ஒரு முனையையோ கோபுரத்தையோ திசைகாட்டியால் குறிப்பார்கள். சிறிது தூரம் போய் மறுபடி குறிப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே அதன் இருப்பிடம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா சேறா என்பதை வைத்து நங்கூரமிடும் இடத்தைத் தீர்மானிப்பார்கள். சிலரால் சில மாதங்களில் நெடுங்கரை ஒன்றை வரைந்துவிட முடிந்தது. இம்முறையின் பெரும்பலம் இதுவே.

பலவீனம் கிழக்கு மேற்கில் இருந்தது. உச்சிச் சூரியனை வைத்து அட்சரேகையை ஓரளவு சரியாகக் கணிக்கலாம். தீர்க்கரேகைக்குத் துல்லியமான நேரம் வேண்டும். நம்பகமான கடல் கடிகாரமோ 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது, விலையும் அதிகம். கப்பல் ஓடிய தூரத்தையும் நம்ப முடியாது. சோழமண்டலக் கரையில் நீரோட்டமே பருவக்காற்றோடு திசை மாறும். பிழையின் விலை சிறியதல்ல: 1786-இல், பின்னாளில் கடல் வரைபடங்கள் வரைந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் பணியாற்றிய அட்லஸ் கப்பல், தவறான வரைபடத்தை நம்பி டியகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது.

கிழக்கு மேற்குப் பிழையின் அளவு தரையில்தான் தெரிந்தது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய லாம்டனின் முக்கோண அளவை மைசூர் நாட்டின் வழியே மங்களூரை எட்டியபோது, சுமார் 400 மைல் என்று எண்ணியிருந்த தீபகற்பத்தின் அகலம் ஏறக்குறைய 360 மைலாகச் சுருங்கியது.

கப்பல் வரைபடத்தின் இன்னொரு குறை கருவிகளைச் சார்ந்ததல்ல; கரைவாசிகளின் அறிவுக்கு உரிய இடம் தராதது. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பது நம் மீனவர்களின் கலை. 1498-இல் வாஸ்கோ ட காமாவை மலிந்தியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அப்பக்கத்துக் கடலறிந்த ஒரு வழிகாட்டிதான். அவர் பெயர்கூட இன்று உறுதியாகத் தெரியவில்லை.

ஆழத்தையும் நங்கூரத் துறைகளையும் அறிவதில் கப்பலிலிருந்து கரையை வரைந்த மாலுமிகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் தரையில் ஒப்பிட்டுச் சரிபார்க்காத, கரைவாசியின் அறிவுக்கு உரிய இடம் தராத வரைபடம் முழுமையானதல்ல.