16 பேரின் மௌனம்

பனிச்சறுக்கு, பனிச்சரிவு. முதலாவது விளையாட்டு. இரண்டாவது சாவு. தமிழில் இரண்டு வார்த்தைகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. மலையிலும் அப்படித்தான் என்கிறது, ஜான் பிராஞ்ச் எழுதிய 'ஸ்னோ ஃபால்'.

2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் இணையதளத்தில் வெளியிட்ட மிக நீளமான கட்டுரை இது. ஆறு பாகங்கள். பிராஞ்ச் அப்போது அந்தப் பத்திரிகையின் விளையாட்டு நிருபராக இருந்தார். 2013-ல் இதற்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. திறந்தவுடன் வெள்ளைச் சரிவில் காற்று பனியை மெல்லத் தள்ளிக்கொண்டு போகிற காட்சி ஓடுகிறது, அதன் மேல் தலைப்பு. கீழே நகர்த்திக்கொண்டே போனால் மலை தானே சுழன்று காட்டுகிறது, பிழைத்தவர்கள் வீடியோவில் பேசுகிறார்கள். பத்திரிகை உலகம் அசந்து போய்விட்டது. அமெரிக்கச் செய்தி அலுவலகங்களில் 'ஸ்னோஃபால்' ஒரு வினைச்சொல்லாகவே ஆனது. 'இந்தக் கட்டுரையையும் ஸ்னோஃபால் பண்ணிடலாமா?' என்று கேட்டுக்கொண்டார்கள்.

இந்த ஆர்ப்பாட்டத்தில் எழுத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு எழுத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நடந்தது இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரில், ஸ்டீவன்ஸ் பாஸ் என்று ஒரு பனிச்சறுக்கு மையம். அதன் எல்லைக்கு உள்ளே ஊழியர்கள் காலையிலேயே வெடி வைத்து, விழக்கூடிய பனியை விழவைத்துவிட்டுத்தான் ஆட்களை அனுமதிப்பார்கள். எல்லையைத் தாண்டினால் பேக்கன்ட்ரி. அங்கே வெடியும் இல்லை, காவலும் இல்லை. யாரும் தொடாத புதுப் பனி இருக்கிறது. உங்கள் உயிருக்கு நீங்களே பொறுப்பு. டனல் க்ரீக் அப்படி ஒரு சரிவு. 2012 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை, 16 பேர் அங்கே கிளம்பினார்கள். மூன்று பேர் திரும்பவில்லை.

'கொழுப்பெடுத்துப் போனாங்க, அனுபவிச்சாங்க' என்று தோன்றுகிறதல்லவா? நியாயமான எதிர்ப்புதான். டனல் க்ரீக்குக்குச் சில மைல் தள்ளி வெலிங்டன் என்ற ரயில் நிலையம் இருந்தது. 1910 மார்ச் 1 அன்று, பனியில் நாள்கணக்காகச் சிக்கி நின்ற இரண்டு ரயில்களை ஒரு பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். 2016-ல் சியாச்சினில் புதைந்த 10 மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். இவர்களுக்கெல்லாம் வேறு வழி இல்லை. டனல் க்ரீக் ஆட்களுக்கு இருந்தது. டிக்கெட் வாங்கி, லிஃப்ட்டில் ஏறி, பிறகு நடந்தும் போய் ஆபத்தைத் தேடிக்கொண்டவர்களுக்காக நாம் ஏன் உச்சுக்கொட்ட வேண்டும்?

பிராஞ்ச் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. பதிலாக அந்த 16 பேரும் யார் என்று ஒவ்வொருவராகக் காட்டுகிறார். அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். அவர்கள் விடலைப் பையன்கள் இல்லை. தொழில்முறை வீரர்கள், பனிச்சறுக்குப் பத்திரிகையாளர்கள், அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள், அந்த மையத்திலேயே வேலை பார்த்தவர். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி எல்லாம் கையோடு இருந்தன. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும் தெரியும். அறியாமையால் செத்தார்கள் என்று சொல்லிப் புத்தகத்தை மூட முடியாது.

கட்டுரையின் விஞ்ஞானம் சுத்தம். வாத்தியார்த்தனம் இல்லாமல் சொல்கிறார். குளிர்ந்த, மேகமில்லாத இரவுகளில் பனியின் மேல் மெல்லிய படிகங்கள் பூக்கின்றன. பார்க்க மினுமினுவென்று அழகு. அதன் மேல் புயல் வந்து இரண்டு மூன்று அடி புதுப் பனியைக் கொட்டுகிறது. படிகங்கள் உள்ளே அப்படியே மாட்டிக்கொள்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம்: கண்ணாடி மேஜையில் ரவையைத் தூவி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். சமமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மேஜையைச் சாய்த்தால் புத்தகம் மொத்தமாக வழுக்கும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் மலை இதையேதான் செய்கிறது. சாய்ந்தே இருக்கிற மேஜையில் தயங்கி நிற்கும் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மனிதனின் எடை போதும். இப்படி மாட்டிக்கொள்பவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேரின் விஷயத்தில், பனியைக் கிளப்பிவிட்டது அவர்களே, அல்லது கூட வந்த ஆள்.

அடியில் போய்விட்டால் நேரம் ரொம்பக் குறைவு. 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். அன்றைக்கு அடித்துச் செல்லப்பட்டு உயிரோடு மீண்ட வீராங்கனையின் முதுகுப்பையில் காற்றுப் பை இருந்தது. கடலை டப்பாவைக் குலுக்கினால் பெரிய கடலை மேலே வருமே, அதே தத்துவம். ஆள் சைஸைப் பெரிதாக்கிவிட்டால் ஓடும் பனி மேல்பக்கம் தள்ளும். 2,600 அடி கீழே போய் நின்றபோது அவர் முகமும் கைகளும் வெளியே இருந்தன.

கட்டுரை அவரிடம்தான் ஆரம்பிக்கிறது. பனிக்குள் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறவரை அப்படியே விட்டுவிட்டு, பிராஞ்ச் அன்று காலைக்குத் திரும்பிப் போய்விடுகிறார். மர்மக்கதை எழுதுகிறவன் செய்கிற வேலை. உண்மையில் செத்தவர்கள் இருக்கும் கதையில் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அதன் பிறகு வருகிற இரண்டாம், மூன்றாம் பாகங்களுக்காக மன்னித்துவிடலாம்.

அந்தப் பாகங்களில் பனி விழுவதே இல்லை. ஆட்கள் கூடுகிறார்கள், கை குலுக்குகிறார்கள், ஜோக் அடிக்கிறார்கள், லிஃப்ட்டில் ஏறுகிறார்கள். நடுவே ஒவ்வொருவர் மனதிலும் ஒரு சின்ன முள். ஒருவருக்குக் கூட்டம் அதிகமோ என்று தோன்றுகிறது. இன்னொருவர், இத்தனை கெட்டிக்காரர்கள் சேர்ந்து எடுத்த முடிவு தப்பாக இருக்குமா என்று சமாதானம் செய்துகொள்கிறார். ஒரு பெண் மட்டும் மனசு சரியில்லாமல் விலகி வேறு பக்கம் போய்விடுகிறார். 'எனக்குப் பயமா இருக்கு, திரும்பிடலாமா?' என்ற ஒரு வாக்கியத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டாம். கூட்டத்தில் அசடாகத் தெரிவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இது டனல் க்ரீக் வியாதி மட்டுமில்லை. இயன் மெக்கம்மன் என்ற ஆய்வாளர் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசியிருக்கிறார். பழகிய இடம் என்ற தைரியம், கூட ஒரு கில்லாடி இருக்கிறார் என்ற நம்பிக்கை, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற வீம்பு, முதல் தடம் நமக்கே வேண்டும் என்ற ஆசை. எச்சரிக்கைகள் கண்ணெதிரே இருந்தும் இவைதான் ஜெயித்திருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை, நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூடப் பழகிய சரிவு என்றதும் கற்ற வித்தையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

சறுக்குபவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்னோமொபைல் என்று பனியில் ஓடும் மோட்டார் வண்டி இருக்கிறது. செங்குத்தான சரிவில் யார் வண்டி அதிக உயரம் ஏறித் திரும்புகிறது என்பது ஒரு போட்டி. 2010 மார்ச் 13 அன்று கனடாவில் ரெவெல்ஸ்டோக் அருகே பௌல்டர் மலையில் இதைப் பார்க்கச் சுமார் 200 பேர் அடிவாரத்தில் நின்றிருந்தார்கள். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தது. மலை இறங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் 30 பேருக்குக் காயம். 200 பேர் நிற்கிறார்களே, ஆபத்தாக இருந்தால் நிற்பார்களா என்று ஒவ்வொருவரும் மற்ற 199 பேரைப் பார்த்துத் தைரியமாக இருந்திருக்க வேண்டும்.

'ஸ்னோ ஃபால்' மீது எனக்கு இரண்டு புகார்கள். முதலாவது, அந்தப் படங்கள். பனி அத்தனை அழகாகப் பறக்கும்போது கோபமும் பயமும் வர மறுக்கின்றன. மௌனத்தை வீடியோ எடுக்க முடியாது, அதனால் கதையின் முக்கியமான சங்கதிக்குப் படமே இல்லை. எழுத்து மட்டும்தான் அங்கே போய்ச் சேர்கிறது.

இரண்டாவது கொஞ்சம் பெரிய புகார். 'எனக்கு அப்பவே தோணிச்சு' என்று சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். அன்று பனி நகராமல் இருந்திருந்தால்? எல்லோரும் சாயங்காலம் பீர் குடித்துக்கொண்டு 'அருமையான நாள்' என்றிருப்பார்கள். அந்த முள்ளை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அதே மலை, அதே ஆட்கள், அதே தப்பான முடிவு. பலன் மட்டும் நல்லது. இப்படி எத்தனை நாள் தப்பித்து, அதையே அனுபவம் என்று பெயரிட்டுச் சேர்த்து வைத்திருந்தார்களோ! பிராஞ்ச் இந்தக் கேள்வியின் வாசல்வரை வருகிறார், உள்ளே போகவில்லை. நினைவு என்பது விபத்துக்கு அப்புறம் எழுதப்படுவது என்று ஒரு பாராவாவது சேர்த்திருக்கலாம். இறந்த மூவருக்கும் அன்று என்ன தோன்றியது என்று கேட்க வழியில்லை. பழி முழுக்க அவர்கள் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். யாரையும் வில்லனாக்காமல் இத்தனை நீளத்துக்கு எழுதுவது சுலபமில்லை. கடைசிப் பாகங்களில் வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்தி போய்ச் சேருகிற விதத்தை அவர் அலங்காரம் இல்லாமல் சொல்லியிருப்பதும் அந்த நாகரிகத்தால்தான்.

பேக்கன்ட்ரி போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் ஒரு விதி சொல்லித்தருகிறார்கள். குழுவில் யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்றால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, கிண்டல் பண்ணக் கூடாது. நான்கு பேர் போனால் இது நடக்கும். 16 பேர் என்றால் அந்த ஒருவர் வாயைத் திறப்பதற்குள் முதல் ஆள் இறங்கியிருப்பார்.

நேரம் இல்லாதவர்கள் இரண்டாம், மூன்றாம் பாகங்களை மட்டுமாவது படியுங்கள். வீடியோக்களைத் தொடாமல் படித்தால் இன்னும் நல்லது.