ஊவாவுக்கு ஒரு கிண்ணம் இருந்தது

2012 ஓகஸ்ட் 31 இரவு. ஊவா மாகாணத்தில், பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகரத்தில் கல் வைத்து அழுத்திய டிஷ். காற்றடித்தால் படம் கட்டங்கட்டமாக உடையும். வீட்டுக்காரப் பையன் வெளியே ஓடி டிஷ்ஷைத் திருப்பிவிட்டு, "வந்துச்சா?" என்று கத்துவான். "வந்துச்சு, வந்துச்சு, கைய எடு" என்று உள்ளேயிருந்து பதில் போகும். கொழும்பு பிரேமதாச மைதானத்தில் மழை குறுக்கிட, டக்வர்த் லூயிஸ் முறையில் 19 ஓட்டங்களால் நாகெனஹிர நாகாஸை வென்று, முதலாவது ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது ஊவா நெக்ஸ்ட். "நம்ம டீம்" என்றார் ஒரு பெரியவர். அந்த டீமில் நம்ம ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதும் நல்லதுதான். அந்தத் தொடரின் ஒரு பந்துகூட ஊவாவில் வீசப்படவில்லை. ஆட்டங்கள் எல்லாம் பல்லேகலையிலும் பிரேமதாசவிலும். 'ஊவா யூனிகோர்ன்ஸ்' என்று வைத்த பெயரை வாங்கியவர்கள் 'நெக்ஸ்ட்' ஆக்கினார்கள். ஏழு மாகாணப் பெயர்களை ஏழு ஆண்டு உரிமைக்கு விற்றார்கள். ஆடியது ஒரே ஒரு மாதம். வென்றதற்காக எங்கள் பெயர் தென்னாபிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் வரை போய், தகுதிச் சுற்றோடு திரும்பியது. 2013இல் அணி உரிமையாளர்கள் கட்டவேண்டிய உத்தரவாதப் பணத்தைக் கட்டாததால் தொடரே ரத்தானது. நடப்புச் சம்பியன் யார் என்றால், அந்த லீக்கின் கணக்கில் இன்றைக்கும் ஊவாதான்!

பிறகு 2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து பெயர்கள். 2022இல் உள்ளூர் முதல்தரப் போட்டிகளுக்கு மேலே ஒரு தட்டாக நேஷனல் சூப்பர் லீக் நடந்தபோதும் அதே ஐந்து. கிண்ணம் வென்ற மாகாணத்தை யாரும் நீக்கியதாக அறிவிக்கவில்லை. பட்டியல் எழுதியபோது பேனா அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவே.

இதை இனம், அரசியல் என்று மட்டும் பேசினால் பாதி விஷயம் தப்பிவிடும். முதலில் ஒளிபரப்புக் கணக்கைப் பார்க்கவேண்டும். ஐந்து அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதினால் 20 ஆட்டம். பிளேஓஃப் சேர்த்தால் மூன்றரை வாரத்தில் முடிக்கலாம். ஏழு அணி என்றால் 42 ஆட்டம். சர்வதேச அட்டவணையில் அவ்வளவு இடைவெளி கிடைக்காது. கமெரா, ஒளிபரப்பு வண்டி, வர்ணனையாளர் விமானச் சீட்டு எல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் செலவு. பிரேமதாச, பல்லேகலை, தம்புள்ளை, ஹம்பாந்தோட்டையில் மின்னொளி மைதானம் தயாராக இருக்கிறது. பதுளையில் நகருக்குள்ளே வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. இரவு ஆட்டத்தை உலகத்துக்கு அனுப்பும் வசதியோடு அது கட்டப்படவில்லை. தொலைக்காட்சிக்காரர் கணக்கில் கோட்டை ஸ்டேஷனிலிருந்து 292 கிலோமீற்றர் தள்ளி, தண்டவாளம் முடிகிற ஊர் நாங்கள்.

இதே கதை அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே பல்கலைக்கழக விளையாட்டுக்கு 'கொன்ஃபரன்ஸ்' என்ற கூட்டணிகள் உண்டு; ஒளிபரப்பு உரிமையைக் கூட்டணிதான் மொத்தமாக விற்கும். பசுபிக் கரையில் 1915இல் வேர் விட்ட கூட்டணிதான் பெக்-12. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள். வேறு எந்தக் கூட்டணிக்கும் அவ்வளவு இல்லை. 2022 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் பிக் டென் கூட்டணிக்குத் தாவின. பெரிய நகரம் போனதும் பேரம் படுத்தது. ஈஎஸ்பிஎன் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 30 மில்லியன் டொலர் சொன்னதாகவும், இன்னும் கூடக் கிடைக்கும் என்று இவர்கள் தட்டிவிட்டதாகவும் அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. கடைசியில் கையில் மிஞ்சியது அப்பிள் இணையச் சேவையின் குறைந்த விலைப் பேச்சு. 2023 ஓகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் கிளம்பிவிட்டன. செப்டெம்பர் முதலாம் திகதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அத்திலாந்திக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன! பசுபிக் கரைப் பிள்ளைகள் லீக் ஆட்டத்துக்கு நாட்டைக் குறுக்கே பறந்து கடக்கவேண்டிய கூத்து.

விட்டுவிட்டுப் போனது யாரை? ஒரிகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட். தோற்றவர்கள் என்று அவர்களைத் தள்ளவில்லை. ஒன்று கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற சிற்றூரில் இருக்கிறது, மற்றது கொர்வாலிஸில். சுற்றிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் குறைவு. புல்மன் என்று படித்ததும் எனக்கு வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தன.

யாழ்ப்பாணம் மட்டும் எப்படிப் பட்டியலில் இருக்கிறது? 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை வென்றது ஆட்டத்தின் பெருமை. ஆனால் அந்த அணி பிறந்தது ஆட்டத்தால் மட்டுமில்லை. தொடக்கத்திலேயே புலம்பெயர்ந்தவர்கள் பணம் போட்டார்கள். 2021இல் லைக்கா வாங்கியது. லண்டனிலும் டொரண்டோவிலும் பார்க்க ஆள் உண்டு என்று விளம்பரக்காரருக்குத் தெரியும். பசறையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் போனவர்கள் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா வீடுகளிலும் நிற்கிறார்கள். அவர்களும் பார்க்கிறார்கள். அவர்களை எண்ணத்தான் ஆளில்லை.

பாடசாலை மட்டத்திலும் இதுதான். மார்ச்சில் ரோயல்–தோமியன் வந்தால் கொழும்பே கொடி கட்டும். 1879 முதல் நடக்கிற ஆட்டம். தொலைக்காட்சியும் இணையமும் அனுசரணையாளரும் வரிசையில் நிற்பது நியாயம்தான். அதே தோமியன் குடும்பத்தின் பாடசாலை ஒன்று, இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்கிசையிலுள்ள தாய்ப் பாடசாலையின் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டபோது 1942இல் பிறந்து, எங்கள் குருத்தலாவையில் இருக்கிறது. பெயர் ஒன்று, கமெரா வேறு. தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையின் நிலை அதற்கும் கீழே. கடினப்பந்துக்கு ஆடுகளமும் இல்லை, காலுக்குப் பேட் வாங்கக் காசும் இல்லை. பிள்ளைகள் மென்பந்திலேயே வளர்ந்து மென்பந்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே லங்கா பிரீமியர் லீக்கில் ஆறாவதாக ஊவா என்று ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. வாடகைப் பெயர் 2012இல் வந்து போனது. ஒரு பந்துகூட எங்கள் பாடசாலைக்கு வரவில்லை. கேட்கவேண்டியது ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி: அணி இல்லாத மாகாணத்தில் இத்தனை பகல் ஆட்டம், உரிமைப் பணத்தில் இத்தனை வீதம் அந்த மாகாணப் பாடசாலை ஆடுகளங்களுக்கு. உரிமையை விற்கிறது இலங்கை கிரிக்கெட். விற்கும்போது போடாத நிபந்தனையை விற்ற பிறகு போடமுடியாது.

நடக்காத காரியமா என்றால், தமிழ்நாட்டில் நடந்தது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் ஆட்டங்கள் திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்திலும் திருநெல்வேலியிலும் நடந்து நேரலையில் போயின. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டெனிஸ் பந்து போட்டு வளர்ந்த நடராஜன், அந்த முதல் தொடரில் திண்டுக்கல் அணிக்கு யோர்க்கர் வீசினார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. 2020இல் இந்தியச் சீருடை. கமெரா அவருக்குக் கையைக் கொடுக்கவில்லை, கை ஏற்கெனவே இருந்தது. பார்க்கவேண்டியவர் பார்த்தார்.

கைவிடப்பட்ட அந்த இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போய்க் கூட்டணியின் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்த்து 2026இலிருந்து மறுபடி ஆட ஏற்பாடு செய்தார்கள். எங்களுக்கு வழக்குப் போட ஓர் அணிகூட இல்லை.

போன பொங்கலுக்கு ஒரு தோட்டத்தில் மென்பந்து இறுதியாட்டம். மண்வெட்டிப் பிடியை நிலத்தில் நட்டு, அதன் உச்சியில் போனைக் கட்டி முகநூலில் நேரலை விட்டான் ஒரு பையன். புறக்கோட்டையிலிருந்து, கட்டாரிலிருந்து, டுபாயிலிருந்து பெயர்கள் வந்து விழுந்தன. கடைசி ஓவரில் டேட்டா முடியப்போகுது என்று அவன் கத்தினான். கட்டாரிலிருந்து ஒரு அண்ணன், "நம்பர் போடு தம்பி" என்று எழுதி, உடனே ரீலோட் போட்டார். அடுத்த பந்து தேயிலைக்குள் போனது. எல்லோரும் தேடப் போனார்கள். போன் மட்டும் மைதானத்தைப் பார்த்தபடி நின்றது.