வாக்குமூலம் கேட்கும் வாசகர்

வீடியோ கேம் பித்தைச் சொந்த அனுபவமாக எழுதும் வழக்கத்துக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. 1982இல் பிரிட்டிஷ் நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ் ‘இன்வேஷன் ஆஃப் த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஆர்க்கேடுகளில் காசைக் கொட்டித் தீர்த்த கதை ஒரு பங்கு, எந்த ஆட்டத்தை எப்படி ஆடினால் புள்ளி ஏறும் என்ற யோசனைகள் இன்னொரு பங்கு. முன்னுரை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். மறு ஆண்டே அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் சட்னோவின் ‘பில்கிரிம் இன் த மைக்ரோவேர்ல்டு’ வந்தது. மருத்துவமனைகளில் சாவு எப்படிக் கையாளப்படுகிறது என்று 1967இல் ஆராய்ந்தவர், ஜாஸ் பியானோவைக் கைகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று 1978இல் ஒரு நூலே எழுதியவர், அட்டாரியின் ‘பிரேக்அவுட்’ ஆட்டத்தில் போய் விழுந்தார். ஒரு மட்டை, ஒரு பந்து, உடைக்க ஒரு செங்கல் சுவர். அந்த ஆட்டத்தில் இருப்பது அவ்வளவுதான். ஏமிஸின் புத்தகம் பல பத்தாண்டுகள் மறுபதிப்பே காணவில்லை. அவருடைய நாவல்களைக் கொண்டாடியவர்கள் இதை இளமைக்காலக் கிறுக்குத்தனமாக ஒதுக்கினார்கள், பழைய பிரதி சேகரிப்பவர்கள் தேடி அலைந்தார்கள், 2018இல்தான் மீண்டும் அச்சேறியது. சட்னோவின் நூல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேம்களைப் பற்றி மட்டுமே புத்தகம் போடும் ஒரு சிறு பதிப்பகத்தின் கையால் உயிர்பெற்றது. எழுத்துத் திறனில் இரண்டுக்கும் குறை சொல்ல முடியாது. வாசகர் எதிர்பார்த்த ஒன்று இரண்டிலும் இல்லை: ஆடியதற்காக அவர்கள் வருந்தவில்லை.

கேமர்களின் தன்னனுபவ எழுத்துக்குக் கிடைத்த வரவேற்பை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. அழிவைச் சொன்னால் வாசகர் மன்னிக்கிறார். ஆடியது பின்னாளில் சம்பாத்தியமாக மாறியது என்றால் பாராட்டவும் செய்கிறார். ஆட்டம் இன்பமாக இருந்தது, அதற்குமேல் கணக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று ஒருவர் எழுதினால் மட்டும் முகம் சுளிக்கிறார். இது கேமுக்கென்று புதிதாக முளைத்த வழக்கமும் இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 34ஆம் சூக்தத்தில் சூதாடி ஒருவன் தன் வாயாலேயே பேசுகிறான். மாமியார் வெறுக்கிறாள், மனைவி விலக்குகிறாள், ஆனாலும் காய்கள் உருளும் ஓசை அவனை இழுக்கிறது. முடிவில் போய் நிலத்தை உழு என்ற அறிவுரை வந்து நிற்கிறது. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்ஸி 1821இல் ‘லண்டன் மேகஸீ’னில் அபினி தின்ற கதையை எழுதியபோது அபினியின் இன்பங்களை முதலிலும் துன்பங்களை அடுத்தும் வைத்தார். துன்பப் பகுதி இருந்தும், படிக்கிறவர்களுக்கு ஆசை மூட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு அவரை விடவில்லை. பித்தைத் தன்மையில் எழுத உட்காரும் எவரும் இந்தப் பழைய நீதிமன்றத்தின் கூண்டில் ஏறித்தான் எழுதுகிறார்.

2010இல் வந்த இரு புத்தகங்கள் இதற்கு நல்ல சான்று. கவிஞரும் பேராசிரியருமான ரயன் வான் கிளீவ் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய ஆட்டத்தில் மூழ்கி வேலையை இழந்து, உயிரையே விடும் எண்ணம் வரை போய் மீண்ட கதையை ‘அன்பிளக்டு’ என்ற பெயரில் எழுதினார். அதை வெளியிட்ட பதிப்பகம் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டவர்களுக்கான நூல்களுக்குப் பேர்போனது. வாசகர் அட்டையைத் திறக்கும் முன்பே இது நோயின் கதை, நலம் பெற்ற கதை என்று முடிவாகிவிட்டது. டாம் பிஸ்ஸெல்லின் ‘எக்ஸ்ட்ரா லைவ்ஸ்’ அப்படிப்பட்டதில்லை. ஆரல் கடலைப் பற்றியும் வியட்நாம் போரில் இருந்த தன் தந்தையைப் பற்றியும் நூல்கள் எழுதி இலக்கிய உலகில் பெயர் வாங்கியவர் அவர். இந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி, கேம்களில் கதை சொல்வது ஏன் இவ்வளவு மோசமாகவும் சில நேரம் இவ்வளவு அபூர்வமாகவும் இருக்கிறது என்ற விமர்சன ஆய்வு. கடைசி அத்தியாயத்தில் மட்டும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ ஆடியபடியே கொக்கெயினில் விழுந்த காலத்தை எழுதுகிறார். பிரிட்டனின் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழ் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டது எதை? கொக்கெயினையும் கேமையும் சேர்த்துச் சொன்ன அந்தக் கதையைத்தான். பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தங்கள் வாசகரைத் தெரியும். கதை சொல்லும் கலை பற்றிய நுட்பமான வாதத்தை விடப் பாழாய்ப்போன மூன்று ஆண்டுகள் விலை போகும்.

எழுத்தாளர் மைக்கேல் கிளூனின் இரு நூல்களை அருகருகே வைத்தால் இது இன்னும் துலங்கும். ஹெராயினுக்கு அடிமையாக இருந்த காலத்தை அவர் 2013இல் ‘வைட் அவுட்’ என்று எழுதினார். போதை மறுவாழ்வு நிறுவனமான ஹேஸல்டனின் பதிப்பகம் வெளியிட்டது. 2015இல் ‘கேம்லைஃப்’ வந்தது. சிறுவயதில் ஆடிய ஏழு கணினி ஆட்டங்கள், ஏழு அத்தியாயங்கள். பள்ளி, பெற்றோரின் மணமுறிவு, நண்பர்கள் எல்லாம் அந்த ஆட்டங்களின் ஊடாகவே வருகின்றன. ஹெராயினில் மீட்சி உண்டு, கேமில் மீட்சி இல்லை, ஏனென்றால் அங்கே மீள வேண்டிய எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. எண்களைப் பற்றியும் வெளியைப் பற்றியும் சாவைப் பற்றியும் தான் யோசிக்கத் தொடங்கியதே அந்தத் திரைகளுக்கு முன்னால்தான் என்கிறார். போதையின் இயல்பை உள்ளிருந்து அறிந்த ஒருவர் இரண்டையும் ஒன்றாக்க மறுப்பது என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான சாட்சியம். ஆனால் கேம் என்றாலே ஹெராயின் என்று பேசுபவர்களின் விவாதங்களில் இந்தச் சாட்சி அழைக்கப்படுவதே இல்லை.

சம்பாத்தியத்தின் வழியே மன்னிப்பு வாங்கியதற்கு ஃபெலிசியா டே உதாரணம். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டுக்கு தன் நாள்களையெல்லாம் தின்னக் கொடுத்த நடிகை. அந்த அனுபவத்தைக் கொண்டே ‘த கில்டு’ என்ற இணையத் தொடரை எழுதித் தயாரித்தார். 2007இல் தொடங்கி ஆறு பருவம் ஓடியது. 2015இல் வந்த அவருடைய தன்வரலாறு விற்பனைப் பட்டியலில் ஏறியது. புத்தகம் கலகலப்பானது, தன்னையே கிண்டல் செய்துகொள்ளத் தயங்காதது. இருந்தும் அதைப் புகழ்ந்தவர்கள் வழக்கமாகச் சொன்ன கதை ஒன்றே: வீணாய்ப் போன நேரம் கடைசியில் முதலீடாக மாறியது. பிஸ்ஸெல்லும் பிறகு பெரிய கேம் நிறுவனங்களுக்குக் கதை எழுதப் போனார், அவருக்கும் அதே சலுகை கிடைத்தது. இவர்களோடு அதே ஆட்டத்தை அதே நேரம் ஆடி, அதே இன்பத்தை அடைந்து, தொடரும் எடுக்காமல் புத்தகமும் போடாமல் இருந்த லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். கேமரின் எழுத்தை மற்றப் பித்தர்களின் எழுத்திலிருந்து பிரிப்பது அதில் தவறாமல் வரும் எண். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டில் ‘பிளேய்டு’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினால் இதுவரை எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம் ஆடினீர்கள் என்று திரையில் வரும். கேம் விற்கும் ‘ஸ்டீம்’ தளம் ஒவ்வொரு ஆட்டத்தின் பக்கத்திலும் மணிக்கணக்கைக் காட்டுகிறது. சங்கீதப் பித்தரிடமோ கிரிக்கெட் பித்தரிடமோ இப்படி ஒரு மீட்டர் கிடையாது. நாவல் வாசிப்பில் வாழ்நாளைக் கரைத்தவரை ஊர் மெச்சுகிறது, அவர் எத்தனை மணி நேரம் கரைத்தார் என்று அவருக்கே தெரியாது. கேமர் அந்த எண்ணைத் தானே எழுதிவைத்துவிடுகிறார், பாதி வெட்கத்தோடும் பாதிப் பெருமிதத்தோடும். வாசகர் உடனே பெருக்கல் வகுத்தலில் இறங்குகிறார்: இந்த நேரத்தில் எத்தனை மொழி கற்றிருக்கலாம், எத்தனை பட்டம் வாங்கியிருக்கலாம். கேமராக இருக்கும் வாசகரும் இதற்கு விலக்கில்லை. தன் மணிக்கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தான் அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் அடைகிறார், அல்லது இவ்வளவுதானா என்று உதடு பிதுக்குகிறார். எண் வந்து விழுந்ததும் அந்த நேரத்துக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் வெளிப்பட்ட ஒரே பெரிய நிகழ்வு நார்வேயில் நடந்தது. டுஷேன் தசைச் சிதைவு நோயோடு பிறந்த மாட்ஸ் ஸ்டீன் 2014இல் 25ஆம் வயதில் இறந்தார். கடைசிப் பத்தாண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரம் அவர் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’டில் கழித்ததாகக் கணக்கிட்டார்கள். மகன் தனிமையில் வாடி, யாருக்கும் எதுவும் ஆகாமல் போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவர் இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளின் பக்கத்தில் இறப்புச் செய்தியைப் பதிந்தபோது முகம் தெரியாத மனிதர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆட்டத்தில் ‘இபெலின்’ என்ற பெயரில் உலவியவரை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு டச்சுப் பெண்ணின் பெற்றோர் அவளுடைய கணினியைப் பிடுங்கியபோது அவளுக்காக அவர்களுக்கே கடிதம் எழுதியவர்; ஆட்டிசம் உள்ள மகனோடு பேச வழி தெரியாமல் தவித்த தாயிடம் நீங்களும் அவனோடு சேர்ந்து ஆடுங்கள் என்று சொன்னவர். நார்வே ஒலிபரப்புக் கழகத்தின் கட்டுரை 2019இல் வந்து உலகெங்கும் பரவியது. அவரைப் பற்றிய பெஞ்சமின் ரீயின் ஆவணப்படம் 2024இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதும் இயக்குநர் விருதும் வாங்கியது. கண்ணீர் விடாதவர்கள் குறைவு.

அந்தக் கண்ணீரையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். செய்திகள் நோயில் தொடங்கின, சக்கர நாற்காலியில் தொடங்கின. நடக்க முடியாத பிள்ளை, பாவம், அவனுக்கு வேறு எங்கே போக்கிடம் என்ற விலக்கு அவருக்குக் கிடைத்தது. நடக்க முடிகிற ஒரு இளைஞர் அதே 20,000 மணி நேரத்தை அதே ஆட்டத்தில் அதே நண்பர்களோடு கழித்திருந்தால் இந்த வரவேற்பு கிடைத்திருக்குமா? ஆடியதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் இந்த விலக்கு தேவைப்பட்டிருக்காது. படத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது: உடல் நலிந்த காலத்தில் மாட்ஸ் நண்பர்களைப் புண்படுத்தினார், எரிந்து விழுந்தார், குழுவில் பகை சம்பாதித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். அதாவது அங்கே அவர் தேவதையாக வாழவில்லை, எல்லா ஊரிலும் மனிதர்கள் வாழ்வதுபோல் வாழ்ந்தார். பரவசப்பட்டவர்கள் தாண்டிச் சென்ற இந்தப் பகுதிதான் எனக்கு மற்றதை எல்லாம் விட வலுவான ஆதாரமாகத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு நியாயமானது: பாதிப்பு நிஜம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு இருக்கிறது. குடும்பம் குலைந்தவர்கள் இருக்கிறார்கள். இன்பத்தைப் பாடும் எழுத்து அவர்களை மேலும் உள்ளே தள்ளாதா? அந்த வரையறையையே பிரித்துப் படித்தால் அதில் மணிக்கணக்கு எதுவும் கிடையாது. கட்டுப்பாடு இழப்பது, வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் முந்துவது, கேடு விளைந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதும் வாசகருக்கு மருத்துவம்கூடத் துணை நிற்கவில்லை. அதோடு, பித்தின் நடுவில் இருப்பவர் அழிவுக் கதையில் தன்னை அடையாளம் காணமாட்டார். வேலை போன பேராசிரியரைப் படித்துவிட்டு எனக்கு வேலை இருக்கிறதே என்பார். விரல் தானாக நகர்ந்து, கண் பந்தைத் தேடாமலே கண்டு, இன்னும் ஒரே ஒரு முறை என்ற நினைப்பு எழும் அந்தக் கணத்தைச் சட்னோ விவரிக்கும்போது சொல்லுக்குச் சொல் தன்னை அடையாளம் காண்பார். எச்சரிக்கை என்ற பயனை வைத்துப் பார்த்தாலும் இன்பத்தைத் துல்லியமாக எழுதியவர்தான் அதிகம் உதவுகிறார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இன்பம் இன்பம் என்கிறீர்களே, அது கம்பெனிகள் திட்டமிட்டுச் செய்து வைத்த பொறி. உண்மை. பெல்ஜியம் 2018இல் உள்ளே என்ன வருமென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’களைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது சும்மா இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத் தடையையும் இணையவழி விளையாட்டு ஒழுங்குமுறையையும் ஒரே தலைப்பில் சேர்த்திருப்பதைப் பார்த்தால், பணம் பறிக்கும் ரம்மிக்கும் மற்ற ஆட்டங்களுக்கும் நடுவே கோடு போடுவது எவ்வளவு சிரமம் என்று புரியும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்ததே அதில் சிக்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னதால்தான். மானுடவியலாளர் நடாஷா டௌ ஷூல் லாஸ் வேகஸ் சூதாட்ட இயந்திரங்களை ஆராய்ந்து 2012இல் ‘அடிக்‌ஷன் பை டிசைன்’ எழுதினார். ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காகத்தான் ஆடுகிறோம், இயந்திரத்தின் முன் உலகமே மறைந்து ஒரு நிலை வருகிறது என்று ஆடுபவர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர்களிடம் வருத்தத்தை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் இருக்கையின் வளைவிலிருந்து திரையின் வேகம் வரை எல்லாம் அந்த நிலைக்காகவே செய்யப்பட்டவை என்பது தெரிந்திருக்காது. பாவ மன்னிப்புக் கதை குற்றத்தை முழுக்க ஆடுபவரின் மனவுறுதியில் ஏற்றிவிடுகிறது. கம்பெனிக்கு அதைவிடச் சௌகரியமான கதை வேறு உண்டா?

கேமர்கள் தரப்பிலிருந்தும் ஒரு மனக்குறை உண்டு. இப்படி எழுதுகிறவர்கள் எல்லோரையும் பித்தர்களாகக் காட்டிவிடுகிறார்கள் என்பார்கள். அளவோடு ஆடுபவரின் தன்வரலாறு சுவையாக இராது என்பதைத் தவிர அதற்குப் பெரிய பதில் தேவையில்லை. அவர்கள் கவனிக்க வேண்டிய குறை வேறொன்று. இந்தக் கட்டுரையில் வந்த கேம் புத்தகங்கள் எல்லாம் ஆர்க்கேடு, கணினி, கன்சோல் ஆட்டங்களைப் பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு முடிவோ தோல்வியோ உண்டு. கைப்பேசியில் இலவசமாக நுழைந்து, சில்லறை சில்லறையாகப் பணம் கட்டி, பஸ்ஸிலும் படுக்கையிலும் ஆடுபவரின் அனுபவத்துக்குச் சட்னோவின் துல்லியத்தோடு ஒரு புத்தகம் இன்னும் என் கண்ணில் படவில்லை. எழுத ஆள் இருக்கலாம். மீட்சி அத்தியாயத்தைச் சேர்த்தால் போடலாம் என்று சொல்லாத பதிப்பாசிரியர் ஒருவரும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.