சி10-ஐத் தாழ்த்துவோர் அளக்காத அளவு

பழைய செவர்லே சி10 பிக்கப் ஒன்று அமெரிக்க ரசிகர் கைக்கு வந்தால், பெயின்ட் அடிக்கும் முன்பே அதைத் தாழ்த்தும் பேச்சு தொடங்கிவிடும். 1967 முதல் 1972 வரை வந்த வண்டிகள் என்றால் கேட்கவே வேண்டாம். ‘4/6’ என்றால் போதும். முன்னால் நான்கு அங்குலம், பின்னால் ஆறு அங்குலம் இறக்கியது என்று புரிந்துகொள்வார்கள். சரக்கு ஏறினால் அமுங்கும் என்று தூக்கி வைத்துக் கட்டிய வண்டி அது. சும்மா ஓட்டுகிறவருக்கு அந்த உயரம் வீண். இறக்கினால் வளைவில் சாய்வது குறையும், பார்க்கவும் லட்சணம். தாழ்த்துவதோடு எனக்குச் சண்டையில்லை. எல்லாவற்றையும் அங்குலத்தில் பேசி முடித்துவிடுவதோடுதான்.

1963-இல் டார்ஷன் பார் போய் சி10-க்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங் வந்தது. மேலே ஒரு கண்ட்ரோல் ஆர்ம், கீழே ஒன்று, நுனிகளில் பால் ஜாயின்ட், இரண்டுக்கும் நடுவே ஸ்பிண்டில். ஸ்பிரிங் உட்காருவது கீழ் ஆர்மின் நடுவாக்கில். அதனால் ஸ்பிரிங்கில் ஓர் அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட இறங்கும். கிரைண்டரைக் கையில் எடுத்த அவசரக்காரர் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்பிரிங்கை வெட்டுவதே பாவம் என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். எட்டுச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும். மேலும் கீழும் ஆட இடம் குறைந்த வண்டிக்கு அந்த விறைப்பு தேவைதான். அரைச் சுற்று அரைச் சுற்றாக வெட்டி, வெட்டிய முனை கீழ்க் கிண்ணத்தில் சரியாகப் படிகிறதா என்று பார்த்து மாட்டினால் ஒழுங்காகவே ஓடும். மன்னிக்க முடியாதது கேஸ் கட்டரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி, வண்டியின் எடையிலேயே அமுங்கவிடுவது. எஃகின் பதம் சூடு பட்ட இடத்தில் மட்டும் கெடும். இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு என்று இறங்கி, பிறகும் இறங்கிக்கொண்டே போகும்.

வெட்டினாலும் சரி, குட்டை ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்கிப் போட்டாலும் சரி, ஒரு குறை இரண்டுக்கும் பொது. ஆர்ம்கள் வடிவமைத்த கோணத்தை விட்டு மேலே ஏறி நிற்கும். குட்டையான மேல் ஆர்ம் சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கும். டயரின் உள்விளிம்பு தேயும். ஷிம் தகடுகளை மாற்றி ஓரளவு சரிக்கட்டலாம். பம்ப் ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் இருந்த இடைவெளி போய்விட்டதே என்று சிலர் அந்த ரப்பரையே வெட்டுவார்கள். பிரேக் அடித்து முகம் குனிந்தால் இரும்போடு இரும்பு மோதும்.

டிராப் ஸ்பிண்டில் இந்தத் தொல்லைக்கு நல்ல விடை. பால் ஜாயின்ட் துளைகள் அதே இடத்தில் இருக்க, சக்கரம் மாட்டும் தண்டு மட்டும் வழக்கமாக இரண்டரை அங்குலம் மேலே ஏறியிருக்கும். ஆர்ம்களின் கோணம், ஸ்பிரிங்கின் நீளம் எதுவும் மாறாமல் வண்டி இறங்கும். 1971-இல் சி10-க்கு முன்பக்க டிஸ்க் பிரேக் வழக்கமாக வந்தது. அதற்கு முந்தைய டிரம் வண்டிக்காரர்கள் ஸ்பிண்டிலை மாற்றும் சாக்கில் டிஸ்க்குக்கும் மாறிவிடுகிறார்கள். தாழ்த்தும் ஆசையால் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன்.

அதிலும் ஓட்டை உண்டு. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் கீழ் பால் ஜாயின்ட் இரண்டரை அங்குலம் கீழே வந்துவிட்டது. சின்ன ரிம் அதில் உரசும். 15 அங்குலத்துக்குக் குறைந்து யோசிக்காமல் இருப்பது நல்லது. டயர் வெடித்து ரிம்மில் வண்டி நின்றால் முதலில் தார்ச்சாலையைத் தொடப்போவது எது என்ற கேள்வி இருக்கிறது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008-ஆம் பிரிவு இதைத்தான் அளந்தது: மாற்றியமைத்த வண்டியில் சக்கரத்தைத் தவிர எதுவும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கக்கூடாது. லோரைடர் இளைஞர்களைப் போலீஸ் மடக்கப் பயன்பட்ட அந்தப் பிரிவு 2024-இல் நீங்கியது. நீங்கியது நியாயம். ஆனாலும் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு நேர்கட்டையை வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த அளவுகோல் இன்னமும் உதவும்.

ஃபோர்டு எஃப்-100 வைத்திருப்பவருக்கு டிராப் ஸ்பிண்டில் என்ற வசதிகூட இல்லை. 1965-இல் வந்த ட்வின் ஐ-பீமில் ஒவ்வொரு சக்கரமும் எதிர்ப்பக்கம் கீல் கொண்ட நீண்ட பீமில் நிற்கிறது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் சக்கரத் தலைகள் இரண்டும் உள்ளே சாய்ந்துவிடும். தாழ்த்திய பீம்கள் வேண்டும். இல்லையென்றால் 2003-க்குப் பிந்தைய கிரவுன் விக்டோரியா காரின் முன்பக்கத்தை அப்படியே கொண்டுவந்து பொருத்த வேண்டும். பின்னதுதான் இப்போது பலர் தேர்வு. ஸ்டீயரிங் நேர்த்தியாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அகலம் கூடுவதால் ரிம்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஃபோர்டு அறுபதுகளில் பெருமையாக விளம்பரம் செய்த பொறியியல் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

எந்த வழியில் தாழ்த்தினாலும் பட்டறையில் செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் கீழ் ஆர்மை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றி, சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் குறிக்க வேண்டும். டை ராடும் ஆர்ம்களும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குறிகள் விலகிக்கொண்டே போகும். நேர்சாலையில் ஒரு மேடு பட்டாலே வண்டி தானாகத் திரும்புவது அதனால்தான். அரைநாள் வேலை. விளம்பரத்தில் இந்த அளவு வராது, வாங்குகிறவரும் கேட்பதில்லை.