வரி பிசகாத திரை

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வில்லியனூர் சாலையோரக் கடைகளில், பணம் செலுத்தியதைக் காட்டும் செல்பேசித் திரை நாள் முழுக்க நீட்டப்படுகிறது. பச்சை டிக், நடுவில் பெரிதாகத் தொகை, அடியில் கடையின் பெயர். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்துவிடுகிறார். அவ்வளவு சீக்கிரம் படிக்க முடிவது சீரமைப்பின் கைவண்ணம்.

கணக்குப் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் இடது ஓரத்தில், தொகைகள் வலது ஓரத்தில். ₹85க்குக் கீழே ₹1,250 வந்தாலும் ஒன்றாம் இடத்துக்கு நேரே ஒன்றாம் இடம் விழ வேண்டும். அதற்கென்றே எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருக்கள் இருக்கின்றன.

தமிழ் வந்ததும் வேலை கூடும். 'மீ'யின் சுழி மேலேறும், 'ழு'வின் வால் கீழிறங்கும்; ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் இரண்டும் வெட்டுப்படும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, மாற்று எழுத்துருவின் உயரத்துக்கேற்ப வரி இடைவெளி விடும் வசதியைத் தந்தது. தமிழில் படிப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

பல்சக்கரப் படத்தின் பக்கத்தில் 'அமைப்புகள்' என்ற சொல்லைப் பாருங்கள். அளவுகோலுக்கு நடுவாக இருப்பது கண்ணுக்குச் சற்றே இறங்கித் தெரியலாம். நல்ல வடிவமைப்பாளர் கண்ணை நம்பி ஒரு புள்ளி மேலேற்றுவார். பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்கும் புதுச்சேரியின் நீலத் தெருப்பலகைகளை எழுதியவர்களுக்கும் இதே கவலைதான் இருந்திருக்கும்.

பொத்தானுக்கும் அளவுண்டு: ஆண்ட்ராய்டு 48 டிபி, ஐபோன் 44 பாயின்ட் கேட்கிறது. விரல் தடுமாறாமல் படுவதற்கு அந்த இடம் வேண்டும்.